கடனில்லாமல் அனுப்புங்கள்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும்,

பரமக்குடிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் இருக்கும் நம் ஊரில் இன்று மாடி வீடுகள் நிற்பதற்கும், பெண்பிள்ளைகள் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போவதற்கும் வளைகுடாப் பணம் பெரிய காரணம். வானம் பார்த்த பூமி நமக்கு மிளகாயையும் கரிமூட்டத்தையும் கொடுத்தது. அவை போதாத வருசங்களில் துபாயும் சவூதியும் குவைத்தும்தான் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தின. அதனால் வெளிநாட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. நம் பிள்ளைகளை நாம் அனுப்பும் விதம் மாற வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் தொழிலாளர் குடியிருப்பில் கேம்ப் பாஸாக இருக்கிறேன். புதிதாக வருபவருக்குக் கட்டில் ஒதுக்குவது, மெஸ்ஸில் பெயர் சேர்ப்பது, உடம்புக்கு முடியாதவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, ஊருக்குப் போகிறவரிடம் சாவியை வாங்கி வைப்பது எல்லாம் என் வேலை. ஒரே அறை, ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நாலு வருசத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடுகிறார். இன்னொருவர் அந்த நாலு வருசமும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார். இரண்டாமவர் சோம்பேறியும் இல்லை, ஊதாரியும் இல்லை. அவர் கடனோடு விமானம் ஏறியவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெல்பர் வேலை, சம்பளம் 1,000 திர்ஹம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய். மெஸ்ஸுக்கும் போனுக்கும் சோப்பு சீப்புக்கும் 400 திர்ஹம் போனால் கையில் நிற்பது 600 திர்ஹம், அதாவது 13,800 ரூபாய். ஏஜென்டுக்குக் கொடுக்க மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கியிருந்தால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அத்தனையையும் கடனுக்கே கட்டினாலும் அடைய 13 மாதத்துக்கு மேல் ஆகும். அம்மாவும் மனைவியும் சாப்பிட மாதம் 8,000 ரூபாய் அனுப்பினால் அதே கடன் அடைய நாலு வருசத்துக்கு மேல் ஆகும். இங்கே வேலை விசா பெரும்பாலும் இரண்டு வருசத்துக்குத்தான்.

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கடன்பட்டவனால் ‘முடியாது’ என்று சொல்ல முடிவதில்லை. சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு என்றாலும் பேசாமல் செய்கிறான். ஓவர்டைம் காசு வராவிட்டாலும் கேட்பதில்லை. காய்ச்சலோடு சாரத்தில் ஏறுகிறான். சட்டம் அவன் பக்கம் இருந்தாலும் புகார் கொடுக்கப் பயப்படுகிறான். வேலை போய்விட்டால் அடுத்த மாத வட்டிக்கு ஊரில் யார் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கடனை அவன் இங்கே வந்து வாங்கவில்லை. நம் ஊரில், நம் சாட்சிக் கையெழுத்தோடு வாங்கியது அது. அதனால்தான் தம்பிகளுக்கு மட்டும் எழுதாமல் ஊருக்கே எழுதுகிறேன்.

முதலில் ஏஜென்ட் விசயம். ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். அமீரகச் சட்டமோ ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது. நமக்குத் தெரிந்தவர், சொந்தக்காரர், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அறிமுகமானவர் என்று சப்-ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் கேட்கும் பணத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. அங்கே போய் விசாரித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

அடுத்தது விசிட் விசா. ‘முதலில் விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது இங்கே சட்டப்படி குற்றம். சம்பளம் தராமல் துரத்தினாலும் போய் நிற்க இடமிருக்காது. கெடு முடிந்த பிறகு ஒவ்வொரு நாளும் 50 திர்ஹம் அபராதம் ஏறும். ஒரு மாதத்துக்கு அது 1,500 திர்ஹம், ஒரு ஹெல்பரின் ஒன்றரை மாதச் சம்பளம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குத் தரப்படுவது இ.சி.ஆர். பாஸ்போர்ட். அவர்கள் வளைகுடாவில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. அதைத் தாண்டிப்போகத்தான் ஏஜென்டுகள் விசிட் விசாவைக் காட்டுகிறார்கள். அப்படிப் போகிறவருக்கு அந்த அனுமதியோடு வர வேண்டிய பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கிடைக்காமல் போகிறது. இரண்டு வருசத்துக்கு 275 ரூபாய், மூன்று வருசத்துக்கு 375 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ பத்து லட்சம் தரும் காப்பீடு அது.

2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். அவர்கள் படித்த பிள்ளைகள். டிகிரி இருந்தால் ஏமாற மாட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். கம்பெனி பெயர், விசா வகை, வேலை ஒப்பந்தம் மூன்றும் கைக்கு வரும்வரை யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைவாய்ப்புக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளத்தை அல்ல, அடிப்படைச் சம்பளத்தை. ஐந்து வருசம் வரை வருசத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை கிடைக்கும். மொத்தம் 1,000 திர்ஹத்தில் அடிப்படை 600 என்றிருந்தால் ஐந்து வருசத்துக்குப் பணிக்கொடை 2,100 திர்ஹம். அடிப்படையே 1,000 என்றிருந்தால் 3,500. ஓவர்டைமையும் அடிப்படையை வைத்தே கணக்கிடுவார்கள். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் யார் செலவு, வேலை எட்டு மணி நேரமா பன்னிரண்டா, பரிசோதனைக் காலம் எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பரிசோதனைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமில்லை.

போகும் முன் கையில் ஒரு தொழில் இருக்கட்டும். ஹெல்பராக வருபவர் பல வருசம் ஹெல்பராகவே இருப்பதைப் பார்க்கிறேன். எலக்ட்ரீசியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் என்று ஐ.டி.ஐ. சான்றிதழோடு வருபவர் முதல் நாளிலிருந்தே வேறு சம்பளப் பட்டியலில் நிற்கிறார். ஏஜென்டுக்குக் கொடுக்கும் ஒன்றரை லட்சத்தில் சிறு பங்கு செலவழித்தால் நம் மாவட்டத்திலேயே ஒரு பிள்ளையைத் தொழில் படிக்க வைத்துவிடலாம். வருசமும் போகும், வயதும் போகும் என்று அவசரப்படாதீர்கள். தொழில் படிக்கப் போகும் ஒன்றிரண்டு வருசம் பிறகு பத்து வருசச் சம்பளத்தில் திரும்பி வரும்.

பெட்டி கட்டும்போது தாய்மார்கள் ஒன்றைக் கவனியுங்கள். கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு என்று ஆசையாக வைத்த பொட்டலம் பிள்ளையைப் போலீஸில் கொண்டு நிறுத்திவிடும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவையும் அப்படித்தான். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரின் சீட்டையும் கையோடு வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காத பார்சலை வாங்காதீர்கள்.

வெயிலை நாம் பார்க்காதவர்கள் இல்லை. ஆனாலும் கடலோர ஈரத்தோடு சேர்ந்த இந்த வெக்கை வேறு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற நேரத்தில் உடம்பை நாம்தான் காக்க வேண்டும். கழிப்பறை தூரம் என்று தண்ணீரைக் குறைக்கும் பையன்களைக் கெஞ்சிக் கேட்டுக் குடிக்க வைக்கிறேன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் ‘சாப்பிட்டியா’ என்பதோடு ‘தண்ணி குடிச்சியா’ என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து கேட்டால் அவர்கள் கேட்பார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் இ.சி.ஆர். பாஸ்போர்ட் பெண்களுக்கு வயது முப்பதுக்குக் குறையக் கூடாது. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நம் அக்கா தங்கையை அனுப்பாதீர்கள். ஆண்களுக்குக் கேம்பில் நூறு பேர் துணை. ஒரு வீட்டுக்குள் போகும் பெண்ணுக்குக் கதவுக்கு வெளியே யாருமில்லை.

அனுப்பும் பணத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஹவாலா உண்டியலில் அனுப்பாதீர்கள், வங்கி வழியே போன பணத்துக்குத்தான் நாளை கணக்கு காட்ட முடியும். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட்டு, தனியாக ஒரு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுச் செலவுக்கு மனைவியின் கணக்குக்கு அனுப்புங்கள். இன்னொரு பங்கு யாரும் தொடாத சேமிப்பாக இருக்கட்டும். அந்தச் சேமிப்புதான் ஒருநாள் ஊர் திரும்பும் டிக்கெட்.

ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், காப்பீடு ஆகியவற்றின் நகல்களும் கம்பெனியின் பெயரும் கேம்பின் முகவரியும் வீட்டில் இருக்கட்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்ததில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர்கள். அப்படி ஒரு நாளில் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியவை இந்தக் காகிதங்கள்தான். அமீரகத்தில் சிக்கலில் இருப்பவர் 800 46342 என்ற இலவச எண்ணில் இந்தியத் தொழிலாளர் உதவி மையத்தை அழைக்கலாம். அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

இனி மனசு பற்றி. கேம்பில் ஆண்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது வீட்டோடு போன் பேசி முடித்த பிறகு. கஷ்டத்தைச் சொன்னால் அம்மா சாப்பிட மாட்டாள் என்று மறைக்கிறார்கள். அங்கே மனைவி மாமியாரையும் பிள்ளையையும் கடன்காரரையும் தனியாகச் சமாளித்துக்கொண்டு அதை இவரிடம் மறைக்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் நல்லதை மட்டுமே பேசிப் பேசி, விடுமுறையில் சந்திக்கும்போது அந்நியர்களாகிவிடுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை வருசம் இருக்கப் போகிறோம் என்பதைக் கிளம்பும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த முடிவில் பெரியவர்கள் குறுக்கே வராதீர்கள்.

ஊரிடம் நான் கேட்பது நாலு. விசிட் விசாவுக்கும் ரசீதில்லாத ஏஜென்டுக்கும் யாரும் கடன் கொடுக்காதீர்கள், சாட்சியும் போடாதீர்கள். ஊர்ச் சங்கமும் ஜமாத்தும் மகளிர் குழுவும் சேர்ந்து, ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த நாலு பேரை வையுங்கள். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பிள்ளை கிளம்பட்டும். உண்மையாகவே நல்ல வேலை, கையில் பணம்தான் இல்லை என்றால், சங்கத்துப் பணத்திலிருந்து வட்டியில்லாமல் கொடுங்கள். அதற்கு இங்கிருந்து நாங்கள் மாதாமாதம் பங்கு போடுகிறோம். நம் ஊர்க்காரர்கள் பலர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கம்பெனி எப்படிப்பட்டது, கேம்ப் எப்படியிருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்கிறோம்.

நாலாவது, காசு செலவில்லாதது. ஒருவன் ஊருக்கு வந்து பையை இறக்கிய மறுநாளே ‘எப்போ திரும்பப் போறே’ என்று கேட்காதீர்கள். வேலை சரியில்லை என்று ஆறு மாதத்தில் வந்தவனைத் தோற்றவனாகப் பார்க்காதீர்கள். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் நோயோடும் சம்பளமில்லாமலும் இங்கேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரலாம் என்ற தைரியத்தோடு வருகிறவன்தான் இங்கே நிமிர்ந்து நின்று வேலை பார்க்கிறான். அந்தத் தைரியத்தை அவனுக்கு எந்த நாட்டுச் சட்டமும் தராது, அவன் ஊர்தான் தர முடியும். அடுத்த ஊர்க் கூட்டத்தில் இந்த நாலையும் பேசி முடிவெடுத்துச் சொல்லுங்கள். எங்கள் பங்கை அந்த மாதத்திலிருந்தே அனுப்பத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
துபாயில் இருக்கும் உங்கள் பிள்ளை