எந்த ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்?

ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் புறப்படுமுன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

அறந்தாங்கியில் எங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். பொங்கலுக்குக் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். "சார், நீங்களும் கூட வாங்க" என்று என்னைக் கடைவீதிக்கு அழைத்துப் போனான். கடைக்காரர் ஒரே பாட்டை இரண்டு ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றிப் போட்டார். இரண்டாவது கணீரென்று ஒலித்தது. விலை ஏறக்குறைய இரு மடங்கு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "4000 வாட் பி.எம்.பி.ஓ." என்று வேறு! பையன் பணத்தை எடுத்துவிட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் பொடி எழுத்தில் "மின்செலவு 40 வாட்" என்றிருந்தது. 40 வாட்டை வாங்கிக்கொண்டு 4000 வாட்டைத் தொடர்ந்து கொடுக்கும் கருவி இருந்தால் நமக்கு மின்சார வாரியமே வேண்டியதில்லை. ஆற்றல் அழிவின்மை விதி பரீட்சைக்கு மட்டும்தானா? பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக எட்டக்கூடிய உச்சத்தைப் பற்றிய கணக்கு. அதை அளக்கப் பொதுவான முறைகூடக் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் என்ன என்று கேளுங்கள். அதிலும் மயங்க வேண்டாம். திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும்.

"அளவு எதற்கு சார்? காது போதாதா?" என்றான் பையன். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து அளந்தோம். இரண்டாவது 3 டெசிபல் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. ஒலி சற்றுக் கூடினாலே நம் காதுக்கு அது "நல்ல ஒலி" ஆகிவிடுகிறது. மெல்ல ஒலிக்கும்போது தாழ்ந்த சுரங்கள் காதில் சரியாக விழுவதில்லை என்பதை பிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். கடைக்காரரிடம் சொல்லி இரண்டையும் சம அளவுக்குக் கொண்டுவந்தோம். பையனைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். பத்து முறை கேட்டான்; ஆறு முறை முதலாவதைச் சொன்னான், நான்கு முறை இரண்டாவதை. காசைச் சுண்டினாலும் அப்படித்தானே வரும்?

அப்படியானால் காதை நம்பவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். மிருதங்கத்தை எண்ணிப் பாருங்கள். சாதாரணத் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. நம் தொழிலாளர்கள் கரணையை அடுக்கடுக்காக அப்பி, தட்டித் தட்டிக் கேட்டே அதைச் சரிசெய்தார்கள். அந்தத் தோலில் முதல் ஐந்து சுரங்கள் 1:2:3:4:5 என்று இசைந்து நிற்பதை சி.வி. ராமன் பின்னாளில்தான் ஆராய்ந்து காட்டினார். அவருடைய கட்டுரைகள் 1920-லும் 1934-லும் வெளிவந்தன. அந்தக் காதுகளுக்கு முன்னால் விலைச்சீட்டு எதுவும் தொங்கவில்லை.

பையன் விலை குறைந்ததையே வாங்கினான். இப்போது வேறு குறை சொல்கிறான்: கடையில் கேட்டதுபோல் வீட்டில் இல்லையாம். அவன் வீடு தகரக் கூரை, வெறும் சுவர்கள். எதிர்ச்சுவரில் ஒரு கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுக் கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.