ஏழடி வைக்காத கல்யாணம் செல்லாதா?

"ஐயர் வந்து, அக்கினி வளர்த்து, ஏழடி எடுத்து வைக்காத இந்துத் திருமணம் செல்லாது. உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது." 2024 மே மாதத்திலிருந்து இந்தப் பேச்சு புதுக்கோட்டைக் கல்யாண மண்டபங்கள் வரை வந்துவிட்டது. மேடையில் மாலை மாற்றி மணம் முடித்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் வீணாகக் கலங்கடிக்கும் இந்தப் பேச்சு தவறானது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், அந்தத் தீர்ப்பு. 2024 ஏப்ரல் 19 அன்று தீர்ப்பு வந்த வழக்கில் அந்த இருவருக்கும் எந்தச் சடங்கும் நடக்கவில்லை. ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துத் திருமணத்தைப் பதிவு செய்திருந்தார்கள். நடக்காத திருமணத்தைப் பதிவு மட்டும் உண்டாக்கிவிடாது என்றது நீதிமன்றம். ஊரார் முன்னால் தாலி கட்டியவர்களுக்கு இதில் அஞ்ச ஒன்றுமில்லை.

இரண்டாவது, சட்டத்தில் உள்ள ‘சாலம்னைஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல். வேதச் சடங்கோடு நடத்துவதுதான் அதன் பொருள் என்கிறார்கள். உரிய சடங்குகளோடு உரிய முறையில் நடத்துவது என்றுதான் உச்ச நீதிமன்றம் 1965இல் விளக்கியது. எது உரியது என்பதைச் சட்டமும் வழக்கமும் முடிவு செய்கின்றன. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் இதே வினைச்சொல்லைத்தான் ஆள்கிறது. அங்கே புரோகிதரும் இல்லை, ஹோமமும் இல்லை. திருமண அலுவலர் முன்னிலையில், மூன்று சாட்சிகள் பார்த்திருக்க, ‘உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன்’, ‘கணவனாக ஏற்கிறேன்’ என்று இருவரும் சொன்னால் போதும். மதமே நுழையாத அறையிலும் பொருந்துகிற சொல்லுக்குள் புரோகிதரைத் திணிக்க முடியாது.

மூன்றாவது, ஏழடி எல்லா இந்துக்களுக்கும் பொது என்பது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 7ஆம் பிரிவில், மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படி நடந்தால் போதும் என்கிறது. அந்த வழக்கத்தில் ஏழடி இருந்தால் மட்டுமே ஏழாவது அடியில் திருமணம் முழுமை பெறும். நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் கெட்டிமேளம் கொட்டுவது எந்த நேரத்துக்கு? தாலி ஏறும் நேரத்துக்கு. பொன்னமராவதிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் அதைத் திருப்பூட்டுதல் என்பார்கள். இரு வீட்டார் சம்மதத்துக்கு இசைகுடிமானம் எழுதுவார்கள். இதெல்லாம் சடங்கில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

நான்காவது, சுயமரியாதைத் திருமணம் நீதிமன்றத்தில் நிற்காது என்பது. ஒரு காலத்தில் நிற்கவில்லை. 1934இல் நடந்த அப்படியொரு திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அநீதியைத் துடைக்கத்தான் அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார், நண்பர்கள் அல்லது வேறு எவர் முன்னிலையிலாவது, இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அது பாதுகாப்பு தந்தது.

இந்தப் பிரிவு யாரைக் காக்கிறது என்பதை 2001ஆம் ஆண்டு வழக்கு காட்டியது. மனைவி இருக்க இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியவர், ‘ஏழடி வைக்கவில்லை, அதனால் அது திருமணமே இல்லை’ என்று வாதாடினார். தமிழ்நாட்டில் தாலி கட்டினாலே போதும் என்று சொல்லி, அவர் குற்றவாளிதான் என்றது உச்ச நீதிமன்றம். ஏழடி வாதம் வென்றிருந்தால் ஏமாற்றியவர் தப்பியிருப்பார். 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், 7ஏ திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்பு தேவையில்லை என்றும் தெளிவாக்கியது. சாதி மாறி மணம் முடித்து, வீட்டாருக்குப் பயந்து நிற்கும் பிள்ளைகளுக்கு அது உயிர்க்காப்பு.

கடைசியாக, ‘சட்டம் ஏற்றாலும் ஊர் ஏற்காது’ என்பார்கள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1914இல், மதச் சடங்கு தேவைப்படாத 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி மணம் முடித்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று கணவரிடம் முன்கூட்டியே உறுதி கேட்டவர் அவர். அந்த மணவாழ்வின் மதிப்பு எதில் குறைந்தது? மறுபக்கம், புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் பதிவாளர் முன்னிலையில் மோலி ஃபிங்கை மணந்தார். ஆங்கிலேய அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை. அவர்கள் மகனுக்கு அரியணையும் கிடைக்கவில்லை. அங்கே குறுக்கே நின்றது வாரிசு அரசியல், சடங்குக் குறை அல்ல. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரத்தின் விருப்பமாக இருக்கலாம். செல்லுபடியாவது சட்டத்தின் வேலை.

ஏழடி வைப்பது தங்கள் வழக்கம் என்பவர்கள் தாராளமாக வைக்கட்டும். மற்றவர்கள் மாலை மாற்றும்போதோ தாலி கட்டும்போதோ படம் எடுத்து, சாட்சிகளை வைத்துக்கொண்டு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். நடந்த திருமணத்துக்குப் பதிவு வலுவான ஆதாரம். நாளைக்கு ஜீவனாம்சமோ சொத்தில் பங்கோ கேட்டு ஒரு பெண் நீதிமன்றப் படியேறினால், அவளுக்குத் துணை நிற்கப்போவது அந்த ஆதாரம்தான். ‘செல்லாது’ என்று பேசித் திரிபவர்கள் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்குகிறார்கள் என்பதை உணர வேண்டும்.