திரை வந்தது வகுப்பறைக்கு. தமிழ் எங்கே போயிற்று?

தமிழ்நாட்டரசின் பள்ளிக் கல்வித்துறை 2022ஆம் ஆண்டில் நற்செயல் ஒன்றைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்புவரை பயிலும் பிள்ளைகட்குத் திங்கள்தோறும் ஒரு சிறார் திரைப்படம் காட்டுவது, படம் முடிந்தபின் அதைப்பற்றிப் பேசவும் எழுதவும் செய்வது என்பதே அத் திட்டம். மறு ஆண்டில் வாசிப்பு இயக்கம் வந்தது. சிறுசிறு கதைப் பொத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிள்ளைகள் கையில் தரப்பட்டன. அயற்சொல் ஒன்றும் கலவாத நான்கு வினைச்சொற்கள்! படிக்கும் பிள்ளையின் வளர்ச்சி முழுவதையும் அவை சொல்லிவிடுகின்றன. நல்லதை நல்லது என்போம். இவ்விரு முயற்சிகளையும் நாம் வரவேற்கிறோம்.

நம் வினா வேறு. படமும் கதையும் வகுப்பறைக்குள் வந்தாயிற்று. அவற்றைக் கண்ட பிள்ளை, தான் கண்டதை எந்தச் சொல்லால் சொல்லப் போகிறது? எந்தக் கருவிகொண்டு பகுத்துப் பார்க்கப் போகிறது?

அண்மையில் யான் சென்றிருந்த பயிற்சி அரங்கு ஒன்றில், வகுப்பில் படத்தை எவ்வாறு நடத்துவது என ஒருவர் விளக்கினார். ‘தீம்’ என்றார், ‘பிளாட்’ என்றார், ‘கேரக்டர்’, ‘சிம்பல்’, ‘மூட்’, ‘கிளைமாக்சு’ என்று அடுக்கினார். அன்று முற்பகல் முழுவதும் அவர் பேசியதில் தமிழாய் நின்றவை வினைமுற்றுகளும் வேற்றுமை உருபுகளுமே. கேட்டிருந்தோரோ அனைவரும் தமிழாசிரியர்! ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை; குறிப்பெடுத்துக்கொண்டனர். அக் குறிப்புகள் கரும்பலகைக்கு வரும். கரும்பலகையிலிருந்து பிள்ளையின் ஏட்டுக்குப் போகும். பின்னர்க் கையேட்டு வணிகர் கைக்குப் போய், விலைக்கு விற்கும் விடையாகத் திரும்பி வரும். அதன்பின் பன்னிரண்டு அகவைப் பிள்ளை படத்தைப் பார்க்க வேண்டுவதே இல்லை. “இப்படத்தின் தீம் நட்பு” என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

தூய தமிழ் வேண்டும் என்று நாம் சொல்லும்போதெல்லாம், இஃது ஏதோ நாக்கின் தூய்மைபற்றிய கவலை என்று நகையாடுவோர் உளர். அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. கடன்வாங்கிய சொல், கடன்வாங்கிய பார்வையையும் உடன்கொண்டே வருகிறது. ‘மூட்’ என்று சொல்லப் பழகிய பிள்ளையிடம், அக் காட்சி உன்னை ஏன் கலங்கச் செய்தது என்று கேட்டுப் பாருங்கள், விழிக்கும். ‘சேட் சீன்’ என்பதற்குமேல் அதனிடம் சொல் இல்லை. சொல் தீர்ந்த இடத்தில் எண்ணமும் நின்றுவிடுகிறது.

தொல்காப்பியர் செய்ததை எண்ணிப் பாருங்கள். மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். வகுத்ததோடு விட்டாரா? ஒவ்வொன்றும் எதன்கண் பிறக்கும் என நான்கு நான்காக, 32 களன்களையும் காட்டினார். பிறர் இகழ்ந்ததால் வந்த அழுகையா? அது இளிவு. உயிரையோ பொருளையோ இழந்ததால் வந்ததா? அது இழவு. முன்னிருந்த நிலை கெட்டதால் வந்ததா? அசைவு. விரும்பியதைத் துய்க்க இயலாமையால் வந்ததா? வறுமை. ஓர் அழுகைக்குள் நான்கு அழுகைகளைப் பிரித்துக் காட்டும் இக் கருவி கையிலிருக்க, ‘சேட் சீன்’ என்று எழுதுவிக்கும் தமிழாசிரியனை என்னென்பது?

இக் கருவி இன்றைய படத்திற்குப் பயன்படுமா என்று ஐயுறுவோர்க்காக ஓர் எடுத்துக்காட்டு. மேற்சொன்ன திட்டத்தில் பிள்ளைகட்குக் காட்டப்பட்ட படங்களுள் ஒன்று ‘சிவப்புப் பலூன்’. ஆல்பெர்ட்டு லாமொரீசு என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1956இல் எடுத்தது. 34 மணித்துளியே ஓடுவது. உரையாடல் மிகமிகக் குறைந்தது. பாரிசு நகரத்துப் பழந்தெருவில் ஒரு சிறுவன் சிவப்பு ஊதுபை ஒன்றைக் கண்டெடுக்கிறான். அஃது உயிருள்ளதுபோல் அவனைப் பின்தொடர்கிறது. அழுக்காறு கொண்ட சிறுவர் கூட்டம் அதைத் துரத்திக் கல்லெறிந்து வீழ்த்துகிறது. உடனே நகரின் ஊதுபைகளெல்லாம் பறந்து வந்து, அழுத சிறுவனை வானில் தூக்கிச் செல்கின்றன.

முதற்பொருள் எது? நிலமும் பொழுதும். தெருவும் சுவரும் வானும் சாம்பல் நிறமாகக் கிடப்பதைப் பிள்ளைகளே சொல்வர். கருப்பொருள் எவை? பள்ளி, படிக்கட்டு, பேருந்து, ஊதுபை. சாம்பல் நிறத்துக்கிடையே அவ் வொரு பொருள் மட்டும் ஏன் சிவப்பு? படம் வாய்திறந்து சொல்லாத அதனைக் கருப்பொருளின் வழியே உய்த்துணர்வதற்குத்தான் நம் முன்னோர் இறைச்சி என்று பெயரிட்டனர். ஊதுபை சுருங்கிச் சாகும்போது வந்த அழுகை இழவா, இளிவா? நண்பனை இழந்தான், ஆகவே இழவு என்பான் ஒருவன். பலர் கூடி எளியவன் ஒருவனை நலிந்தனர். ஆகவே இளிவு என்பாள் ஒருத்தி. இறுதிக் காட்சி மருட்கையா, உவகையா? வகுப்பு இரு கட்சியாகப் பிரியும். இவ்வழக்கிற்குத் தீர்ப்பு எந்தக் கையேட்டிலும் இல்லை. படத்தைத்தான் மீண்டும் பார்க்க வேண்டும். பிள்ளை தன் கட்சிக்குச் சான்று தேடிப் படத்திற்குத் திரும்பும் அந்த நொடியில் இலக்கியத் திறனாய்வு பிறந்துவிடுகிறது.

கதைக்கும் இதுவே வழி. 2018ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்து ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘கிழவனும் கடலும்’ படக்கதையாக இடம்பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் எமிங்வே 1952இல் வெளியிட்ட கதை அது. கியூபா நாட்டு முதிய மீனவன் ஒருவன் 84 நாள் மீனின்றித் திரும்புகிறான். 85ஆம் நாள் பெருமீன் ஒன்று சிக்குகிறது. கரை சேருமுன் சுறாக்கள் அதைத் தின்றுவிட, எலும்புக்கூடே மிஞ்சுகிறது. இதைப் படிக்கும் எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளைக்கு ‘கேரக்டர்’ என்ற சொல் எதற்கு? கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அப்படியானால் இக்கதை வெறும் இரங்கலா? தளராமல் நின்ற முதியவனிடம் பெருமிதம் இல்லையா? பெருமிதம் பிறக்கும் களன்களுள் தறுகண் என்பது ஒன்றன்றோ? இரங்கலும் பெருமிதமும் ஒரே படகில் ஏறிவருவதைக் கண்டுகொண்ட பிள்ளை, தன் தந்தையின் படகையும் அதன்பின் வேறு கண்ணால் பார்க்கும். தன் நிலத்தின் பெயரால் கியூபாவைப் படித்தவனுக்கு உலகம் அயலாகாது.

“ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கணத்தைச் சிறார் தலையில் ஏற்றுவதா?” என்பர் சிலர். நூற்பாவை உருப்போடச் சொல்வார் யார்? எங்கே நடக்கிறது, எப்பொழுது நடக்கிறது, அங்கே என்னென்ன உள்ளன, யார் பேசுகிறார், நீ என்ன உணர்ந்தாய், எதனால் உணர்ந்தாய், சொல்லாமல் விட்டது எது? இவ்வேழு வினாக்களும் பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்கு எட்டாதனவா? விடை வந்தபின், அதற்குரிய பெயர் இது என்று ஆசிரியர் ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். கண்டபின் பெற்ற சொல் மறவாது.

“திரைப்படம் மேலைக்கலை, அதற்கு மேலைச்சொல்லே பொருந்தும்” என்பர் வேறு சிலர். சேக்சுபியர் மேலைநாட்டார் அல்லரோ? ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், அவருடைய பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, நம் நாடக மரபின் கண்கொண்டு ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலை இயற்றினார். மதுரைத் தமிழ்ச் சங்கம் அதனை 1926இல் வெளியிட்டது. சேக்சுபியருக்குச் செகசிற்பியார் என்றே பெயர் தந்தார் அடிகள். வடநூல் வகுப்புகளையும் அவர் ஆண்டார் என்பது மெய்யே. ஆயினும் அவர் காட்டிய துணிவு நமக்கு வேண்டும். அயற்கலையைக் கண்டு வாய்பிளந்து நிற்கவில்லை. நம் முற்றத்திற்கு அழைத்துவந்து நம் அளவுகோலால் அளந்தார். ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் ஓரடி எடுத்துவைத்தோமா?

இங்கே நம்மவரையும் நோக்கிச் சில சொல்ல வேண்டியுள்ளது. திரைப்படம் என்றாலே கூத்தாடிகள் கேடு எனக் காதைப் பொத்திக்கொள்ளும் புலவர் நம்முள் பலர். சிறுகதை அவர்க்கு இலக்கியமாகத் தோன்றுவதில்லை. நெய்தலின் தெய்வம் வருணன், மக்கள் பரதவர், மரம் புன்னை என்று பட்டியலிட்டுப் பிள்ளைகளை ஒப்புவிக்கச் செய்து, திணையைச் செத்த பொருளாக்கியவர் இவரே. பெட்டியிற் பூட்டிய கருவி துருப்பிடிக்கும். நாம் பூட்டிவைத்ததால்தான் பயிற்சியாளர் ‘தீம்’ தேடி வெளியே போனார்.

இவ்வளவும் எதற்காக? அத்திப்பட்டுக்கு வாருங்கள், சொல்கிறேன்.

இவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் பலர் நினைவுக்கு வருவது 2001இல் சரவண சுப்பையா இயக்கிய ‘சிட்டிசன்’ என்னும் படம். அத்திப்பட்டி என்னும் மீனவர் ஊர், அதிகாரத்தில் உள்ளோர் சிலரின் சூழ்ச்சியால் மக்களோடு அழிக்கப்பட்டு, நாட்டு வரைபடத்திலிருந்தே மறைக்கப்படுவதாக அமைந்த கதை. அது புனைவு, நம் ஊருமன்று, ஈறு வேறு. ஆயினும் அதனை மெய்ப்பாட்டியல் கொண்டு படித்துப் பாருங்கள். அதன் மெய்ப்பாடு வெகுளி. வெகுளி பிறக்கும் களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு. குடிகோள் என்பது குடிக்குக் கேடு சூழ்தல். ஊரழித்த கதையின் சினத்திற்கு இதனினும் பொருந்திய பெயர் உண்டா? படத்தின் பெயரோ ‘சிட்டிசன்’! குடிமகன் என்ற நல்ல சொல் இருந்தும் ஏன் இந்நிலை? அச் சொல்லை இன்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கின்றனர். மதுக்கடை வாயிலில் விழுந்து கிடப்பவனுக்கு அதனைப் பகடிப் பெயராக்கிவிட்டோம். உரிமை கேட்க வேண்டியவன் தன் பெயரைச் சொல்லவே நாணும்படி செய்துவிட்டோம்.

புறம்போக்கு என்ற சொல்லுக்கும் இதே கேடு நேர்ந்தது. வரித்தீர்வைக்குப் புறம்பாக, எல்லார்க்கும் பொதுவென விடப்பட்ட ஏரி, கழி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் பெயர் அது. இன்று அது வசைச்சொல். 2017 சனவரியில், கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருட்டிணா பாட, இரதீந்திரன் பிரசாத் இயக்கத்தில், எண்ணூர்க் கழியைப் பின்புலமாகக் கொண்ட ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்னும் பாட்டுப்படம் வெளிவந்தது. அதன் மொழி நாம் விரும்பும் செந்தமிழன்று, சென்னைப் பேச்சுமொழி. ஆயினும் நம் மேடைகள் செய்யாத ஒன்றை அது செய்தது. வசையாகிப்போன தமிழ்ச்சொல்லைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியது. இக் குறும்படத்தை இப் பகுதிப் பள்ளிகளில் காட்டாமல் வேறெங்கே காட்டுவது?

காட்டியபின் கேளுங்கள்: இந் நிலத்தின் கருப்பொருள் எவை? கழியும் இறாலும் அலையாத்தியும் உப்பும் என்று தொடங்குவர். 1994இல் மின்னாக்கம் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியையும் சாம்பலையும், 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தின் நிலக்கரியையும் பட்டியலில் சேர்ப்பார்களா, மாட்டார்களா? 2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழியிற் பரவிப் படகும் வலையும் கறுத்தனவே. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என எழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளையிடம், அந் நாளில் உன் கரையில் எழுந்தது இரங்கலா வெகுளியா என எந்த ஆசிரியர் கேட்டார்? முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கண்டார். நெய்தல் திரிந்தால் என்னவாகும்? அவ் வினாவுக்கு விடை எழுத வேண்டியவர் அத்திப்பட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் குடிகோள் என்ற சொல்லும் இறைச்சி என்ற கண்ணும் மறுக்கப்படுகின்றன; மாற்றாக ‘தீம்’ தரப்படுகிறது. நம் குற்றச்சாட்டு இதுவே.

ஆகலின் கேட்கிறோம். தமிழாசிரியர்க்குத் திரைப்படப் பயிற்சி தருவோர், தமிழ்க் கலைச்சொற்களால் தருக. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கருவிகளைச் சிறார்க்கேற்ற எளிய வினாக்களாக்கி, ஒவ்வொரு படத்தோடும் கதையோடும் ஆசிரியர் கையில் கொடுக்க. தேர்வில் ஒற்றை விடை கேளாது, சான்று கேட்க. எண்ணூரும் காட்டுப்பள்ளியும் பழவேற்காடும் கதையாகவும் குறும்படமாகவும் வகுப்புக்குள் வருக.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொரு தமிழாசிரியரும் அடுத்த திங்கள் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டி, அவ்வேழு வினாக்களை மட்டும் கேளுங்கள். ஆசிரியரல்லாத அன்பர்கள் தத்தம் தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையாக்கிப் பத்துப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். அவர்கள் கண்டதை அவர்கள் வாயாலேயே, அவர்கள் மொழியிலேயே சொல்லக் கேளுங்கள். குடிமகன் என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்காத ஒரு தலைமுறை அங்கிருந்துதான் எழ வேண்டும்.