வெனிஸ்: நடந்து பார்க்கும் ஊரா, நடந்து தேய்க்கும் ஊரா?

ஐரோப்பாவுக்கு விடுமுறையில் செல்லும் கணவன் மனைவியரின் பட்டியலில் பாரிஸ், ரோம் நகரங்களுக்கு அடுத்தபடியாகத் தவறாமல் இடம்பெறும் ஊர் வெனிஸ். இத்தாலியின் வடகிழக்கில், உப்பங்கழி ஒன்றின் நடுவே, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் அதிகமான பாலங்கள் இணைக்கும் நகரம் அது. அங்கே கார் கிடையாது, பேருந்து கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. ஊரின் விளிம்பில் உள்ள பியாஸ்ஸாலே ரோமா என்ற இடத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு படகு, இல்லையென்றால் கால்.

காலாற நடந்து ஊர் பார்க்க விரும்பும் தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான நகரம் உண்டா? இல்லைதான். ஆனால் நடந்து பார்க்க வருபவர்களால் இந்த அளவுக்கு அவதிப்படும் நகரங்களும் உலகில் அதிகம் இல்லை.

இது முரணாகத் தோன்றலாம். நடப்பவரால் யாருக்கு என்ன கெடுதல்? புகை இல்லை, இரைச்சல் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை. மற்ற ஊர்களுக்கு இந்த வாதம் சரி. மற்ற ஊர்களில் சுற்றுலாப் பயணி நடைபாதையில் நடப்பார், உள்ளூர்க்காரர் பேருந்திலோ மெட்ரோவிலோ வேலைக்குப் போய்விடுவார். வெனிஸில் இருவருக்கும் இருப்பது ஒரே சந்து. பள்ளிக்குப் போகும் பிள்ளை, காய்கறி வாங்கித் திரும்பும் பாட்டி, தள்ளுவண்டியில் சரக்கு கொண்டுபோகும் தொழிலாளி எல்லோரும் அதே சந்தில்தான் வரவேண்டும். அதில் பல இடங்களில் இருவர் கைகோர்த்து நின்றாலே வழி அடைபட்டுவிடும்!

நம் தம்பதி வழக்கமாக என்ன செய்கிறார்கள்? காலையில் சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். சுவர்களில் உள்ள மஞ்சள் பலகைகளைப் பின்பற்றி ரியால்ட்டோ பாலத்துக்குப் போகிறார்கள். 1591-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம்தான், 1854 வரை பெருங்கால்வாயைக் கடக்க இருந்த ஒரே பாலம். அங்கே ஒரு புகைப்படம். பிறகு புனித மார்க் சதுக்கம், இன்னும் பத்துப் புகைப்படம். கையோடு கொண்டுவந்த சாண்ட்விச்சைப் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். வெனிஸைப் "பார்த்தாகிவிட்டது".

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் நம் பெரியவர்கள். வெனிஸின் கதை தலைகீழ். மூன்று நாள் தங்கும் விருந்தாளியை அந்த ஊர் தாங்கிக்கொள்ளும். ஐந்து மணி நேரத்தில் வந்து போகும் விருந்தாளிதான் பெரும் சுமை. அவர் குப்பையையும் நெரிசலையும் விட்டுச்செல்கிறார், வருமானத்தை அவ்வளவாக விட்டுச்செல்வதில்லை.

விளைவு கண்கூடு. 1951-ல் வெனிஸின் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே போய்விட்டது. ரியால்ட்டோ அருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில், மீதமிருக்கும் குடிமக்களின் எண்ணிக்கையை மின்பலகையில் காட்டுகிறார்கள். நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி போல!

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021-ல் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஜுதெக்கா கால்வாய் வழியாக ஊருக்கு நெருக்கமாகச் செல்வது தடை செய்யப்பட்டது. 2024-ல் சுற்றுலாக் குழுக்களில் 25 பேருக்கு மேல் கூடாது, வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது என்று விதி வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த 29 நாட்களில், பகலில் வந்து பகலிலேயே திரும்புபவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். 2025-ல் அது 54 நாட்களாகி, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 10 யூரோவாகவும் உயர்ந்தது.

இதனால் தீர்வு வந்துவிடுமா? சந்தேகம்தான். விமானத்துக்கும் ரயிலுக்கும் நூற்றுக்கணக்கில் செலவழித்தவர் ஐந்து யூரோவுக்காகவா திரும்பிப் போவார்? மேலும், காசு கொடுத்து உள்ளே வந்தவருக்கு ஊர் ஒரு பொருட்காட்சியாகத் தோன்றிவிடும் ஆபத்தும் உண்டு.

2019-ல் ரியால்ட்டோ பாலத்தின் படியில் சிறிய அடுப்பை வைத்துக் காபி போட்ட ஜெர்மானியச் சுற்றுலா ஜோடி ஒன்றுக்கு 950 யூரோ அபராதம் விதித்து, ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஒரு காபிக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் வீட்டு வாசலை மறித்து யாரோ அடுப்பு மூட்டினால் நாம் என்ன சொல்வோம்? அவர்களுக்கு அது பார்க்க வந்த இடம். வெனிஸ்காரருக்கு அது வேலைக்குப் போகும் வழி.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம், தாராளமாகப் போகலாம். இரண்டு மூன்று இரவு தங்கவேண்டும். குடியிருப்பு வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதால்தான் உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைப்பது கடினமாகிறது. ஆகவே ஓட்டலில் தங்குவது நல்லது. மஞ்சள் பலகைகளை மறந்துவிட்டு, 1516-ல் யூதர்களை ஒதுக்கிவைத்த கெட்டோ பகுதி இருக்கும் கன்னரேஜோவிலும், சந்துகளுக்குக் குறுக்கே துணி காயும் காஸ்தெல்லோவிலும் நடக்கலாம். வலப்பக்கமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தால் போதும், பாதித் தொல்லை தீர்ந்துவிடும். அரைமணி கொண்டோலா சவாரிக்கு 90 யூரோ கொடுக்க மனமில்லாதவர்கள், உள்ளூர் மக்களைப் போல டிராகெட்டோ படகில் இரண்டு யூரோவுக்குப் பெருங்கால்வாயைக் கடக்கலாம். பகல் கூட்டம் ரயிலேறிய பிறகு அந்த ஊரில் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்கும். அதைக் கேட்காமல் வந்தவர் வெனிஸைப் பார்த்ததாகச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

தங்குவதற்குச் செலவு அதிகம் என்பது நியாயமான மறுப்பு. கோடையை விட்டு நவம்பர், ஜனவரி மாதங்களில் போனால் அறை வாடகை குறையும். அதுவும் முடியாதென்றால், அந்த ஒரு நாளை ரயிலில் அரைமணித் தொலைவிலுள்ள பாதுவாவுக்குக் கொடுக்கலாம். ஜோத்தோ தீட்டிய ஓவியங்கள் நிறைந்த ஸ்க்ரோவென்யி சிற்றாலயம் அங்கேதான் இருக்கிறது.

வெனிஸைக் கடலிலிருந்து காக்க வெள்ளத்தடுப்புக் கதவுகள் 2020 முதல் இயங்குகின்றன. குடிமக்கள் வெளியேறுவதைத் தடுக்க அப்படியொரு கதவு கிடையாது. அங்கே நடக்க வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த தலைமுறைத் தம்பதிகள் பார்க்கப்போவது ஊரா, வெறும் கட்டடங்களா என்பது முடிவாகும்.