கிணற்றுத் தண்ணீரும் விஞ்ஞான ஆசிரியையும்



மாதர் சங்கக் கூட்டங்களில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் அனேகமாக ஒரே பதில்தான் வரும். "எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும். உப்பும் இல்லை." முந்தல் கரையோரத்தில் உப்பில்லாத கிணறு கிடைப்பதே பெரிய பாக்கியம். ஆகவே இப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாத நஞ்சுகளும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பார்க்கக்கூடியவர் நமது ஊரில் யார்? இந்த மாதம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

நமது கரையோரம் மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அந்த நன்னீரைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம். மழையை விரைவாக உள்ளே விடும் மணல், தோட்டத்தில் போடும் யூரியாவையும் மலசலகூடக் குழியின் கசிவையும் அதே வேகத்தில் உள்ளே விடுகிறது. பக்கத்தில் கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்கின்ற பகுதிகளில், கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை பதிவு செய்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில கிணறுகள் அதைத் தாண்டியிருந்தன.

நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களை விட, ஆறு மாதம் நிறையாத, மாப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தைக்கே அதனால் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை இழக்க, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற டாக்டர் இதைக் கிணற்று நீரோடு தொடர்புபடுத்தி எழுதினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மருத்துவிச்சி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, அளந்து பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம் மாவட்டத்துக்கு வந்த காலத்திலிருந்து, நம்மைப் பற்றிக் கணக்கெடுத்தவர்கள் எத்தனை பேர்! குடும்பத்தில் எத்தனை பேர், எந்தக் கிணறு, என்ன வருத்தம் என்று கேட்டு எழுதினார்கள். படிவம் நிறைந்ததும் போய்விட்டார்கள். அந்தக் கணக்குகள் எங்கேயோ ஓர் அலுமாரியில் இருக்கும். நமது கையில் இல்லை. 2009க்குப் பின்னர் சிலர் ஊர் திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கியவர்களுக்கும், முன்பிருந்தே இங்கு வாழ்பவர்களுக்கும் குடிப்பது அதே தண்ணீர்தான்.

திட்டம் முடிந்ததும் போகாதவர், ஊரோடு இருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தான் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை அல்லது ஆசிரியர். எனவே அவருக்குச் சுற்றாடல் சுகாதாரத்திலும் நச்சியலிலும் ஆய்வுப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பது பாடசாலைக்குள் மட்டும் பேசி முடிக்கும் விடயம் அல்ல. அது நமது அடுப்படி விடயம்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் தேசிய சுற்றாடல் சுகாதார விஞ்ஞான நிறுவனத்தின் உதவியோடு, பாடசாலை ஆசிரியர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் பயிற்சி பெற்று, கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவில் 1993 முதல் தேசிய சிறுவர் அறிவியல் மாநாடு நடந்துவருகிறது. 10 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்வார்கள். ஒரு வழிகாட்டி ஆசிரியர் கூட நிற்பார். தமிழ்நாட்டில் இதை முன்னெடுப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். தமிழ்மொழியிலேயே இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படிப்பட்ட பயிற்சியில் என்ன இருக்கும்? முதற் பாடம் நமக்குத் தெரிந்த பழமொழிதான்: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. நச்சியலின் அத்திவாரமே இந்த அளவுதான். எது, எவ்வளவு, எத்தனை நாளாக, எந்த வழியால் உடம்புக்குள் போனது என்பதே கேள்வி. வாயால் மட்டுமல்ல, மூச்சாலும் தோலாலும் போகும். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிநாசினியை நாம் "மருந்து" என்றே சொல்கிறோம். மருந்தடித்த வயலில் மறுநாள் வெறுங்கையோடு புல்லுப் பிடுங்கும் சகோதரிக்கும், அடித்தவரின் உடுப்பை மற்ற உடுப்புகளோடு ஊறப்போடும் மனைவிக்கும் அந்தச் சொல் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

இரண்டாவது, சோதித்துப் பார்க்கும் பழக்கம். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். 1938இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அல்பேர்ட் லெவான் வெங்காய வேரை வைத்து இரசாயனத்தின் தாக்கத்தை ஆராய்ந்தார். பிற்காலத்தில் நீரின் நச்சுத்தன்மையைப் பார்க்கவும் அந்த முறை உலகெங்கும் பயன்பட்டது. ஒரே அளவான வெங்காயங்களை எடுத்து, காய்ந்த தோலையும் பழைய வேரையும் நீக்கி, அடிப்பாகம் மட்டும் நீரில் படும்படி சிறு கோப்பைகளில் வைக்க வேண்டும். ஒரு வரிசைக்குச் சந்தேகமான கிணற்று நீர். இன்னொரு வரிசைக்கு நல்லதென்று தெரிந்த நீர். ஒவ்வொன்றிலும் ஐந்து வெங்காயமாவது வேண்டும். நீரைத் தினமும் மாற்றி, நான்கைந்து நாட்களில் வேரின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து சராசரி எடுக்க வேண்டும். வேர் குட்டையாகவோ சுருண்டோ இருந்தால் அந்த நீரில் ஏதோ இருக்கிறது.

ஆனால் அந்த "ஏதோ" என்ன? உப்பு நீரிலும் வேர் குட்டையாகும். நமது கரையோரத்தில் இதை மறந்தால் முடிவு பிழைத்துவிடும். மறுபக்கம், குழந்தைக்கு ஆபத்தான அளவு நைத்திரேற்று இருக்கும் நீரிலும் வேர் நன்றாக வளரலாம். ஆகவே வேர் வளர்ந்தது என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம் என்று தீர்மானிக்க இது உதவும். இந்த நிதானம் புத்தகத்தைப் பாடமாக்குவதால் வராது. தானே ஆய்வு செய்து பழகிய ஆசிரியைக்கே வரும். தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலப் பிரச்சினை. இருக்கிற சிலருக்கு இந்தப் பயிற்சியும் இல்லாவிட்டால் நட்டம் நமது பிள்ளைகளுக்கும் நமக்கும்தான்.

கணக்கும் அறிக்கையும் என்ன செய்யும் என்பதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. முதலில் அதைக் கண்டவர்கள் தண்ணீர் அள்ளிய மக்கள். ஆனால் "எண்ணெய் மணக்குது" என்ற முறைப்பாடு மட்டும் வழக்கை வென்று தரவில்லை. கிணறுகளில் மாதிரி எடுத்துச் செய்த பரிசோதனை அறிக்கைகளும் சேர்ந்தபோதுதான் பேச்சுக்குப் பலம் வந்தது. 2019 ஏப்ரலில், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனி 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். நமது விஞ்ஞான ஆசிரியைக்கு நீர்ப் பரிசோதனை, நச்சியல் பற்றிய பயிற்சி வேண்டும் என்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். மாதர் சங்கத்தின் கடிதமும் கூடப் போகட்டும்.

இரண்டாவது, ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். கிணறு யாருடையது, எத்தனை அடி ஆழம், மலசலகூடக் குழி எவ்வளவு தூரத்தில், பக்கத்துத் தோட்டத்தில் எப்போது பசளை போட்டார்கள், எந்த மாதம் தண்ணீர் மாறியது என்பதைத் திகதியோடு எழுதுங்கள். எந்த ஆய்வாளருக்கும் தெரியாத இந்த விபரங்கள் தினமும் தண்ணீர் அள்ளும் உங்களுக்குத் தெரியும். எழுத வராத சகோதரிக்கு மகளோ மகனோ எழுதிக் கொடுக்கலாம்.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி அதே கொப்பியில் ஒட்டுங்கள். கைக்குழந்தை உள்ள வீடென்றால் பொறுத்திருக்க வேண்டாம்.

நான்காவது, பூச்சிநாசினி வந்த போத்தலையும் கலனையும் எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ எடுக்காதீர்கள். மருந்தடித்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளைகளின் சோதனைகளிலும் பூச்சிநாசினியைத் தொட விடக்கூடாது.

யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைத் தொடங்க வேண்டாம். தோட்டக்காரரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார். முதலில் நமது கிணறுகளின் கணக்கு நமது ஊரிலே, நமது பாடசாலையிலே இருக்கட்டும். அடுத்த முறை யாராவது படிவத்தோடு வந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டால், கொப்பியைத் திறந்து காட்டுங்கள். அவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும். கொப்பியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.