எந்த குரூப்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கடலூர் முதுநகரில் தெருவுக்குத் தெரு இதே கேள்விதான். கேட்பது பிள்ளையிடம். முடிவு செய்வது மார்க்கும் ஹெட்மாஸ்டரும். “ஒம் மார்க்குக்கு தேர்டு குரூப்தான். கையெழுத்தப் போடு!” பதினைந்து வயதில் போட்ட அந்தக் கையெழுத்து காலேஜ் வரைக்கும் துரத்துகிறது.

சோனாங்குப்பத்துப் பையனுக்கு எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று தெரியும். தெற்கே பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நாடறிந்த இடம். காமர்ஸ் படித்த அவனுக்கு அங்கே வழியில்லை. உயிர் அறிவியலில் பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்துக்கு பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும்.

சயின்ஸ் குரூப்காரர் பி.ஏ. வரலாறு சேரலாம், யாரும் மறிப்பதில்லை. எதிர்ப்பக்கம்தான் அடைப்பு.

“அடிப்படை தெரியாதவனை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது?” என்பார்கள். நியாயம்தான். அந்த அடிப்படையைச் சொல்லிக் கொடுங்களேன்! பிளஸ் டூ முடித்தபிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2023-ல் சொல்லிவிட்டது. டாக்டருக்குப் போதுமானது மீனைப் படிக்கப் போதாதா?

2013-ல் அரசே எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகம் இது. ஒரு வருட ஆயத்த வகுப்பு நடத்தச் சொல்லி உத்தரவு போட என்ன தயக்கம்? அதுவரை, மார்க்கெட்டில் கூடையை இறக்கிவைத்துவிட்டு பள்ளிக்கு ஓடிவரும் அம்மாவிடம் கையெழுத்து வாங்குமுன், எந்த குரூப் எடுத்தால் எந்தெந்தப் படிப்பு கிடைக்காது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.