கறளின் வேகமும் கட்டடத்தின் ஆயுளும்

பண்ணைக் கடலோரத்தில் நிற்கும் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்கள், பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் முருகைக்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய காலந்தொட்டு உப்புக் காற்றைத் தாங்கி வந்திருக்கின்றன. யுத்தத்தின் குண்டுகள் இடித்த அளவுக்கு உப்பு அவற்றை இடித்துவிடவில்லை. அங்கிருந்து பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை என்று தீவகத்துள் செல்பவரோ, அண்மைக் காலத்தில் எழுந்த கட்டடங்கள் சிலவற்றில் தூணின் மூலை நெடுக வெடித்து, வெடிப்பின் வழியே கபில நிறக் கறள் வடிந்திருப்பதைக் காண்பார். பழையவர் கை நல்லது, இக்காலத்துச் சீமெந்து கெட்டது என்று இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. உண்மைக் காரணம் இரும்பின் இரசாயனத்தில் இருக்கிறது. அதை அறிந்து கட்டினால் தீவகத்து வீடுகளின் ஆயுளைப் பல பத்தாண்டுகள் நீட்டலாம் என்பதே என் துணிபு.

இரசாயனத் தாக்கம் எதனைக் குறித்தும் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். சக்தி எத்திசையில் செல்கிறது என்பது ஒன்று. எவ்வளவு விரைவில் செல்கிறது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குச் சுண்ணாம்புச் சூளையே நல்லாசிரியன். முருகைக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதனை ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வரை சூடேற்றும்போது, 100 கிராம் கல் 178 கிலோயூல் சக்தியை உள்வாங்கி, 44 கிராம் காபனீரொட்சைட்டை வெளியேவிட்டு, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாக எஞ்சுகிறது. அச்சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தவுடன் அது சீறிப் பொருமி, ஆவி கக்கி, கிட்ட நெருங்கவொண்ணாதபடி கொதிப்பதை நீற்றியவர் அனைவரும் அறிவர்: கல் உள்வாங்கிய சக்தியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அப்பொழுதே திரும்பிவிடுகிறது. எஞ்சிய பங்கு, சாந்து சுவரிலேறிய பின், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகும்போது ஆண்டுக்கணக்கில் கசிந்து போகிறது. கோட்டை மதிலின் சாந்து இவ்வாறு புறப்பட்ட நிலைக்கே திரும்பி அமைதியடைந்துவிட்ட பொருள். அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் குழுவினர் அகழ்ந்தெடுத்த, சொங் அரசர் காலத்துச் சீனப் பாண்ட ஓடுகள் ஏறத்தாழ 900 ஆண்டுகள் கடலோர மண்ணில் கிடந்தும் அழியாதிருந்ததற்கு ஏதுவும் இதை ஒத்ததே. சூளையில் வெந்து முடிந்த அம்மண்ணில் ஒட்சிசன் பற்றிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

இரும்பின் கதை வேறு. ஒட்சிசனோடு பிணைந்து தாதுவாய்க் கிடந்த அதனை ஊதுலையில் பெருஞ்சக்தி செலவிட்டுப் பிரித்தெடுக்கிறோம். அச்சக்தியைச் சுமந்துகொண்டே கம்பி நம் முற்றத்தில் வந்து இறங்குகிறது. ஒரு கிலோ இரும்பு முழுவதும் ஒட்சைட்டாக மாறினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 7,400 கிலோயூல். அரைக் கிலோ உலர்ந்த விறகு எரிந்து தரும் வெப்பத்துக்கு அது ஈடு. கறள் பிடித்தல், ஆண்டுகள் பலவற்றில் பரந்து நிகழ்வதால் வெப்பம் உணரப்படாத ஒரு மந்தமான எரிதலே. அதன் திசையை மாற்றும் வல்லமை எந்த மேசனுக்கும் எந்த எந்திரிக்கும் இல்லை.

வேகமோ மனிதனுக்கு வசப்படும். தாக்கம் நிகழுமுன் மூலக்கூறுகள் தாண்டவேண்டிய தடையொன்று உண்டென்றும், அதுவே ஏவற்சக்தி என்றும், வெப்பநிலை ஏறத் தாக்க வீதம் எவ்வாறு ஏறுமென்றும் சுவீடன் தேசத்து அறிஞர் அரீனியசு 1889இல் விளக்கினார். அவர் பெயரைக் கேட்டிராத நம் சீவல் தொழிலாளரும் வேகத்தை ஆளும் வித்தையைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்களே. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால், அக்காரத்தில் மதுவம் செயலடங்கி, பாளைச் சாறு புளியாமல் கருப்பநீராய் நின்று பனங்கட்டி காய்ச்ச உதவுகிறது. பூசாது கட்டினால், அதே பனையின் அதே சாறு சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிறது. சாற்றிலுள்ள வெல்லம் பொதிந்து வைத்திருக்கும் சக்தி இரண்டு முட்டியிலும் ஒன்றே. வேறுபட்டது வேகம் மாத்திரமே.

கொங்கிறீற்றுக்குள்ளும் கம்பியைக் காப்பது இச்சுண்ணாம்புதான். சீமெந்து இறுகும்போது உண்டாகும் கல்சியமைதரொட்சைட்டு, பி.எச். பெறுமானம் 12க்கு மேற்பட்ட காரச் சூழலை அமைக்க, அச்சூழலில் இரும்பின்மேல் மிக நுண்ணிய ஒட்சைட்டுப் படலம் படிந்து காவலாகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு இப்படலத்தைத் துளைக்கிறது. துளைத்த பின்னும் தான் செலவாகாமல் திரும்பத் திரும்பத் தொழிற்படுகிறது. கறளானது, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை வேண்டுவதால், கொங்கிறீற்று உள்ளிருந்து பிளக்கிறது. பிளவின் வழியே காற்றும் ஈரமும் புதிய உப்பும் புக, அழிவு துரிதமாகிறது.

கடற்காற்று கொண்டுவரும் உப்பை நாம் நிறுத்த இயலாது. நம் கையாலேயே கலவைக்குள் இடும் உப்பை நிறுத்தலாம். கழுவாத கடற்கரை மணலும் சவர்த் தண்ணீரும் கலவையிற் சேர்வது, கம்பிக்குப் பகைவனை முதல் நாளிலேயே வீட்டுக்குள் குடியேற்றுவதாகும். நன்னீருக்குப் பவுசரை எதிர்பார்த்திருக்கும் கிராமத்தில், முற்றத்துக் கிணற்றின் சவர் நீரையே குழையலுக்கு ஊற்றிவிடத் தோன்றுவது இயல்பு. அவ்வேழ்மையைக் குறை சொல்லுதல் நியாயமன்று. ஆதலால் தீவகத்தில் வீட்டுத்திட்டங்களை வகுப்போர், சீமெந்துக்கும் கம்பிக்கும் பணம் ஒதுக்குவதுபோல் நன்னீருக்கும் நல்ல மணலுக்கும் தனியே ஒதுக்குவது அவர்கள் கடமை.

வீடு கட்டத் தொடங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். குழையலுக்கு நன்னீரே ஊற்றுங்கள். மணலில் உப்பில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்காதபடி சிறு சீமெந்துக் கட்டைகள் வைத்து, அதற்கு வெளியே குறைந்தது 40 மில்லிமீற்றர், கூடுமாயின் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று இருக்கச் செய்யுங்கள். வார்த்த பின் ஏழு நாளேனும் நன்னீரால் நனைத்து வையுங்கள். இரும்பு கறளாவது இயற்கையின் நியதி; அது நம் காலத்திலேயே நிகழுமா, பேரப்பிள்ளைகள் காலம் வரை தாமதிக்குமா என்பதை இந்த நான்கு காரியங்களுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.